ஹெலிகாப்டரைப் பார்க்காதவர்

எங்கள் பக்கத்தில் ஹெலிகாப்டர் வந்து இறங்கியபோதெல்லாம் அதைப் பார்க்காமல் நின்ற ஒரே ஆள் அந்த அக்காதான். இத்தனைக்கும் அவர் அதோடு வந்தவர்.

நாமக்கல், சேலம் பக்கம் கும்பாபிஷேகம் என்றால் இப்போதெல்லாம் கோபுரத்தின் மேல் ஹெலிகாப்டரில் இருந்து பூத் தூவ வேண்டும். அடுத்த ஊர்க்காரர்கள் தூவிவிட்டார்கள், நாம் தூவாவிட்டால் நம் சாமிக்கு என்ன மரியாதை என்று கோயில் கமிட்டி கூடிப் பேசும். தூவி முடித்த பிறகு அதே ஹெலிகாப்டரில் ஊர் ஆட்களை நாலு நாலு பேராக ஏற்றி, காவிரிக்கு மேல் ஒரு வட்டம் அடித்துக் கொண்டுவந்து இறக்குவார்கள். கரும்பு வெட்டிய காட்டையோ பள்ளிக்கூட மைதானத்தையோ தண்ணீர் தெளித்து, சுண்ணாம்பால் வட்டம் போட்டு, சுற்றிலும் சவுக்குக் கம்பு நட்டுக் கயிறு கட்டிவிட்டால் விமான நிலையம் தயார். சனம் கயிற்றுக்கு வெளியே நின்று, கையில் செல்போனைத் தூக்கிப் பிடித்துக்கொண்டு, கழுத்து வலிக்க மேலே பார்க்கும். அந்த அக்கா மட்டும் ஹெலிகாப்டருக்கு முதுகைக் காட்டிக்கொண்டு எங்களைப் பார்த்தபடி நிற்பார்.

நான் பரமத்தி வேலூரில் ஸ்டூடியோ வைத்திருக்கும் வீடியோக்காரன். என் தொழிலில் பாதி, பின்னால் நடப்பது. மாப்பிள்ளையும் பெண்ணும் நடந்து வர, அவர்கள் முகத்தை விடாமல் எடுத்துக்கொண்டே மண்டப வாசலில் இருந்து மேடை வரைக்கும் பின்பக்கமாகவே போவேன். ஒரு நாற்காலியில் இடித்தது கிடையாது. ‘அவனுக்கு முதுகுலயும் கண்ணுங்க’ என்று சமையல்காரர்கள் வரைக்கும் சொல்வார்கள். அதில் எனக்குக் கொஞ்சம் தலைக்கனமும் இருந்தது. இருந்தது என்றுதான் சொல்ல வேண்டும்.

கும்பாபிஷேக வீடியோக்கள் எடுக்கப் போய்ப் போய் அக்காவைத் தெரியும். ஏழெட்டுக் கோயில்களில் பார்த்திருப்பேன். ஹெலிகாப்டருக்கு மேலே ஒரு பெரிய விசிறி, வால் நுனியில் ஒரு சின்ன விசிறி. மேலே சுற்றுவதைப் பார்த்து எல்லாரும் பயந்து குனிந்துகொள்வார்கள். வாலில் இருப்பது ஓட ஆரம்பித்துவிட்டால் கண்ணுக்கே தெரியாது. அதுவும் ஆள் நிற்கிற உயரத்தில் இருக்கிறது. அந்த இடத்தில் வெறும் காற்றுதான் இருப்பதாகத் தோன்றும். அந்த வெறும் காற்றுக்குள் யாரும் நடந்து போய்விடாமல் பார்த்துக்கொள்வதுதான் அக்காவின் வேலை. சம்பளம், சாப்பாடு எல்லாம் அதற்குத்தான்.

அவர் ஜலகண்டாபுரத்துக்காரர். இருபது வருஷம் விசைத்தறி ஓட்டியவர். நாற்பத்தைந்து வயதுக்கு மேல் இருக்கும். பேண்ட், முழுக்கைச் சட்டை, அதன்மேல் மினுமினுக்கும் ஆரஞ்சு நிற மேல்சட்டை, கொண்டையை உள்ளே அமுக்கி நாடாவால் தாடையோடு கட்டிய தொப்பி. பொம்பளை இப்படியா உடுத்துவாள் என்று கயிற்றுக்கு வெளியே பேசிக்கொள்வது அவர் காதிலும் விழும். ஒரு தடவை திரும்பிச் சொன்னார்: “தறிகிட்டயே நான் சேலைய நம்ப மாட்டனுங்க. இதுகிட்ட நம்புவனுங்களா?”

தறிக்கூடத்தில் யார் பேசுவதும் யாருக்கும் கேட்காது. அங்கே எல்லாம் கண்ணும் கையும்தான். டீ வேண்டுமா, நூல் தீர்ந்துவிட்டதா, முதலாளி வருகிறாரா, எல்லாவற்றுக்கும் ஒரு கைச்சாடை உண்டு. அதே கையைத்தான் அக்கா இங்கேயும் கொண்டுவந்திருந்தார். இஞ்சின் இரைச்சலில் போலீஸ்காரர் விசில் ஊதி ஊதிக் கன்னம் வலித்து நிற்பார். அக்கா உள்ளங்கையை ஒருமுறை காட்டினால் நூறு பேர் நின்றுவிடுவார்கள். நானும் என் ஸ்டூடியோவில் கண்ணாடி முன்னால் அந்த மாதிரி கையைக் காட்டிப் பார்த்திருக்கிறேன். எனக்கு டாட்டா காட்டுகிற மாதிரிதான் வந்தது.

ஊரில் அவருக்குக் கூடைக்காரம்மா என்று பெயர். ஏறப்போகிறவர்கள் வரிசையில் வரும்போது, பூத் தூவிக் காலியான கூடை ஒன்றைக் கையில் வைத்துக்கொண்டு நிற்பார். போனை அணைத்து அதில் போட்டுவிட்டுத்தான் ஏற வேண்டும். இறங்கி வரும்போது திருப்பிக் கொடுப்பார். எல்லாம் ஒரே மாதிரி கறுப்புப் போன்கள். சீட்டு இல்லை, எண் இல்லை. முகத்தைப் பார்ப்பார், கூடையில் கையை விடுவார், எடுத்துக் கொடுப்பார். ஒரு தடவைகூட மாறிக் கொடுத்து நான் பார்த்ததில்லை. எப்படி என்று கேட்டதற்கு, “ஆயிரம் இழை ஓடறப்ப ஒண்ணு அறுந்தாக் கண்ணு அங்க போவோணுமில்லீங்க, அந்தப் பழக்கந்தான்” என்றார்.

புதுச்சத்திரம் பக்கத்தில் ஒரு கோயில். மைக்கில் கமிட்டிக்காரர் ஒருவர், ‘பக்தர்களே, செல்போனை அணைத்துவிடுங்கள், சிக்னல் பட்டால் ஹெலிகாப்டர் கீழே விழுந்துவிடும்’ என்று அலறிக்கொண்டிருந்தார். நல்லதுக்குத்தான் சொன்னார். கூட்டமும் பயந்து பத்தடி பின்வாங்கியது. அக்கா மெதுவாக மைக் மேடைக்கு நடந்து போனார்.

“ஏனுங்க, அப்பிடிச் சொல்லாதீங்க.”

“சனம் அடங்குது பாருங்க அம்மிணி. அப்புறமென்ன?”

“இன்னிக்கு அடங்குமுங்க. எவனாச்சும் ஒருத்தன் போன ஆப் பண்ணாமயே ஏறி எறங்குவான். விழுகலையேம்பான். பொறகு நாஞ் சொல்றது எல்லாத்தையும் பொய்யும்பாங்க. அப்ப வாலுகிட்ட போகாதீங்கன்னு சொன்னாலும் கேக்க மாட்டாங்க.”

மைக் பிடித்திருந்தவர் வேறு வழியில்லாமல் அக்காவிடமே மைக்கைக் கொடுத்துவிட்டார். அக்கா பேசியது மூன்று வரிதான். “சிக்னலு பட்டு விழுகாதுங்க. பைலட் சாரு காதுல மாட்டிருக்கற கருவில கிர்ருனு சத்தம் வரும், அவருக்கு எடஞ்சலு, அதனால ஏறறவங்க அணைச்சிருங்க. மத்தவங்களுக்கு நாஞ் சொல்றது, போனப் பாக்கற கண்ணு காலப் பாக்காதுங்க, அவ்வளவுதான்.” சொல்லிவிட்டுத் தன் இடத்துக்குப் போய் முதுகைத் திருப்பி நின்றுகொண்டார். பின்வாங்கிய கூட்டம் பத்தடியில் ஐந்தடி முன்னே வந்தது உண்மை. அதற்கு மேல் வரவில்லை.

பைலட்டையும் அவர் விட்டதில்லை. டிரம்மில் இருந்து எண்ணெய் ஏற்றும்போது போனைக் கையில் எடுக்கக் கூடாது, பெட்ரோல் பங்கில் எழுதிப் போட்டிருப்பதுபோலத்தான் இங்கேயும் சட்டம். ஒருநாள் எண்ணெய் ஏறிக்கொண்டிருக்கும்போது, வடக்கத்திக்காரரான அந்த பைலட் பக்கத்திலேயே நின்று யாருக்கோ செய்தி தட்டிக்கொண்டிருந்தார். அக்காவுக்கு இந்தி வராது. கூடையைக் கொண்டுபோய் அவர் நெஞ்சுக்கு நேரே நீட்டினார். ஆறடி ஆள், தோளில் பட்டை எல்லாம் வைத்தவர், பள்ளிக்கூடப் பிள்ளை மாதிரி போனைக் கூடையில் போட்டுவிட்டுக் கையைக் கட்டிக்கொண்டார். ஆனால் அதெல்லாம் அடுத்தவர்களுக்குச் சொல்வது, எனக்கில்லை என்று நினைத்தேன்.

பிறகு எங்கள் ஊருக்குப் பக்கத்திலேயே ஒரு கும்பாபிஷேகம் வந்தது. கமிட்டித் தலைவர் ஆறு லாரிக்குச் சொந்தக்காரர். லாரி வைத்திருப்பவர்களுக்கு ஒரு பழக்கம் உண்டு. வண்டி எடுக்கும் முன் டயருக்கு அடியில் எலுமிச்சம்பழம் வைத்து, கற்பூரம் காட்டி, வண்டியை ஒரு சுற்றுச் சுற்றி வருவார்கள். பின்பக்கம் போய் டயரைத் தட்டிப் பார்க்காமல் எந்த லாரியும் புறப்படாது. காலையில் ஹெலிகாப்டர் வந்து இறங்கி, இஞ்சின் நின்று, விசிறியும் நின்ற பிறகு தலைவர் தட்டோடு வந்துவிட்டார். நான் பின்னால் கேமராவோடு போனேன்.

எலுமிச்சம்பழத்தை அக்கா அனுமதித்தார். “எடுத்துப் போட்டுட்டுத்தான் கெளப்போணுங்க” என்றார். கற்பூரத்தை எண்ணெய் டிரம் இல்லாத பக்கமாக, கயிற்றுக்கு வெளியே நின்று காட்டச் சொன்னார். அதற்கும் தலைவர் ஒத்துக்கொண்டார். ஆனால் சுற்றி வர விடவில்லை.

“ஏனம்மிணி, நிக்கற வண்டிதானே. ஒரு சுத்து சுத்தி வந்து கும்புட்டாத்தானே மனசு ஆறும்?”

“வேண்டாமுங்க.”

“நின்னு போன விசிறி என்னத்தப் பண்ணுமுங்க?”

“விசிறி ஒண்ணும் பண்ணாதுங்க. நிக்கறப்ப ஒருக்கா சுத்துனா காலு வழியப் பழகிக்கும். பொறகு ஓடறப்பவும் அதே வழியில போகும். காலுக்கு நின்ன வண்டி எது, ஓடற வண்டி எதுன்னு தெரியாதுங்க.”

தலைவர் சிரித்துக்கொண்டு போய்விட்டார். மனதுக்குள் அது குறையாகவே இருந்திருக்கிறது. வாழ்க்கையில் எந்த வண்டியையும் அவர் சுற்றாமல் அனுப்பியதில்லை.

பூத் தூவினார்கள். கோபுரம் மஞ்சளாகிப்போனது. எங்கள் ஊர் அழுதது, நானும் அழுதேன், அழுதுகொண்டே எடுத்தேன். பிறகு ஆட்களை ஏற்றிச் சுற்றிக் காட்டுவது ஆரம்பித்தது. இந்தச் சுற்றுகளுக்கு நடுவில் இஞ்சினை நிறுத்த மாட்டார்கள். விசிறி ஓடிக்கொண்டே இருக்கும், முன்பக்கம் ஹெலிகாப்டர் கம்பெனிப் பையன் ஒருவன் ஆட்களைக் குனியவைத்து இறக்குவான், ஏற்றுவான். வாலுக்கு அக்கா.

தலைவருக்கு ஒரே மகன். ரிக் வண்டியோடு ஆப்பிரிக்காவில் போர்வெல் போடப் போயிருந்தான். கும்பாபிஷேக நோம்பிக்கு வர முடியவில்லை. வீடியோ காலில் வந்து, “எறங்குனதும் நல்லாச் சுத்திக் காட்டுங்கப்பா” என்று கேட்டிருக்கிறான். நாலாவது நடை வந்து இறங்கியது. தலைவர் போனை முன்னால் நீட்டிப் பிடித்துக்கொண்டு கயிற்றைத் தாண்டினார். தலைவரை யார் தடுப்பது? என்னைப் பார்த்து, வாப்பா, இதையும் எடு என்று கையைக் காட்டினார். என்னையும் யாரும் தடுக்கவில்லை. கழுத்தில் கமிட்டி கொடுத்த அட்டை தொங்கியது. கேமராவைத் தாங்கியிலேயே விட்டுவிட்டுப் போனில் எடுத்துக்கொண்டு போனேன்.

அவர் காலையில் விட்ட சுற்றை அப்போது சுற்ற ஆரம்பித்தார். பார்வை முழுக்கப் போன் திரையில் இருந்தது. அவர் முகம் அவ்வளவு சந்தோஷமாக இருந்ததால் எனக்கு விட மனம் வரவில்லை. கல்யாண மண்டபத்தில் நடப்பதுபோல அவருக்கு முன்னால், அவர் முகத்தை எடுத்துக்கொண்டே, பின்பக்கமாக நடந்தேன். ஹெலிகாப்டரின் இந்தப் பக்கத்தில் நாங்கள் இருவர். அக்கா வாலுக்கு அந்தப் பக்கம். எங்கள் கண் நான்கும் இரண்டு போன்களுக்குள் இருந்தன. எனக்கு முதுகில் கண் இருக்கிறதே என்ற தைரியம் வேறு.

என் முதுகில் இரண்டு உள்ளங்கைகள் வந்து பதிந்தன.

இடித்தது இல்லை, பிடித்து இழுத்ததும் இல்லை. சுவர் வந்து நின்றதுபோல நின்றன. நான் இன்னும் ஓரடி பின்னால் வைக்கப் பார்த்தேன், முடியவில்லை. கல்யாண வீட்டில் யாராவது வழியில் நின்றால் எரிச்சல் வருமே, அந்த எரிச்சலோடு தலையைத் திருப்பினேன். அக்காவின் முகம் ஒரு முழம் தூரத்தில் இருந்தது. அவருக்குப் பின்னால், கையை நீட்டினால் தொட்டுவிடுகிற தூரத்தில், காற்று கானல் மாதிரி லேசாக நடுங்கியது. தரையில் கிடந்த செவ்வந்தி இதழ் ஒன்று கிளம்பி அவர் தொப்பியைத் தாண்டிப் போனது. போனதும் இதழ் இல்லை. விழவும் இல்லை, பறக்கவும் இல்லை. இல்லாமல் போய்விட்டது.

எதிரே நின்ற சனத்தின் முகம் மாறியதைக் கண்டு அக்கா திரும்பிக் குனிந்து, ஹெலிகாப்டரின் வயிற்றுக்கு அடியில் எங்கள் கால்களைப் பார்த்திருக்கிறார். கத்தினால் கேட்காது, கையைக் காட்டினால் நாங்கள் பார்க்கப்போவதில்லை. வாலைச் சுற்றி ஓடிவந்து, எங்களுக்கும் அதற்கும் நடுவில் மிச்சம் இருந்த இடத்தில் புகுந்து நின்றுவிட்டார். நடுவில் இருந்த இடம் ஒரு ஆளுக்குச் சரியாக இருந்தது. அப்போதும் அவர் திரும்பி விசிறியைப் பார்க்கவில்லை. அது எங்கே இருக்கிறது என்று அவர் முதுகுக்குத் தெரியும். எனக்கு முதுகில் கண் என்று சொன்னார்களே, உண்மையில் அது யாருக்கு இருந்தது என்று அன்று தெரிந்தது.

அப்படியே என்னைத் தள்ளிக்கொண்டு வந்தார். நான் தலைவரைத் தள்ளினேன். கயிறு வரைக்கும் கொண்டுவந்து விட்டார். தலைவர் கையில் போன் இல்லை, எங்கேயோ நழுவவிட்டிருந்தார். அக்கா எங்களை ஒரு பார்வை பார்த்தார். தறியில் அறுந்த இழையை முடிந்துவிட்டு அடுத்ததைப் பார்ப்பார்களே, அவ்வளவுதான் அந்தப் பார்வை. சுற்றிக்கொண்டு தன் இடத்துக்குப் போய், கூட்டத்தைப் பார்த்து நின்றார். அன்றைக்கு இன்னும் எட்டு நடை பாக்கி இருந்தது. எட்டும் நடந்தது.

எனக்கு வீட்டில் இரண்டு பெண் பிள்ளைகள். அன்று காலையில் சின்னவளுக்குச் சடை பின்னிவிட்டு வந்திருந்தேன்.

சாயங்காலம் இஞ்சின் நின்ற பிறகு தலைவர் பொன்னாடையோடு வந்தார். “அம்மிணி, நீங்க எங்க கொலசாமி” என்றார். அக்கா அவசரமாகக் கையைக் காட்டி அவரைக் கயிற்றுக்கு வெளியிலேயே நிறுத்தினார். “துணிய உள்ள கொண்டாராதீங்க, பறக்குமுங்க” என்றார். விசிறி நின்று அரைமணி நேரம் ஆகியிருந்தது. அவரே வெளியே வந்து பொன்னாடையை வாங்கி, நாலாக மடித்து, தீயணைப்புக் கருவி இருந்த பெட்டிக்குள் வைத்துப் பூட்டினார். அப்புறம் எங்கள் இருவர் முன்னாலும் கூடையை நீட்டினார். “நாளைக்கும் ஒரு நாள் நடை இருக்குதுங்க. நாளைக்கு உங்க ரெண்டு பேரு போனும் இதுக்குள்ளதான்.” அவர் திட்டியது என்றால் அதுதான்.

அன்னதானப் பந்தலில் அவருக்குப் பக்கத்தில் இலை போட்டு உட்கார்ந்தேன்.

“அக்கா, இது பறக்கறதை நீங்க ஒருக்காவாச்சும் பாத்திருக்கறீங்களா?”

“பாத்தனுங்க தம்பி. வேலைக்கு வந்த மொத நாளு. எல்லாரு மாதிரியும் வாயப் பொளந்துக்கிட்டு மேல பாத்தன். அங்க ரெண்டு ஹெலிகாப்டரு. ஒண்ணு பறந்துருச்சு, இன்னொண்ணு கீழ ஓடிக்கிட்டு நின்னுது. கண்ணக் கீழ எறக்குனா, ஒரு அம்மா போனுல படம் புடிச்சுக்கிட்டே போய் அந்த வாலுக்கு மூணடில நிக்குது. அதுவாத் திரும்பிப் போயிருச்சு. நாந் திருப்புல. அந்த அம்மாளுக்கு இன்னிக்கி வரைக்கும் தெரியாது.” சாதத்தைப் பிசைந்துகொண்டே சொன்னார். “அன்னிக்குப் பாத்தது போதுமுங்க.”

“பாக்கோணும்னு ஆசையே இல்லீங்களா?”

“இல்லாம இருக்குமுங்களா? எல்லாரு மூஞ்சியும் பாக்கறனில்ல. பூவு விழுகறது, மேல ஏறறது, திரும்பறது, எல்லாம் மூஞ்சிலயே தெரிஞ்சுபோகுமுங்க.”

கை கழுவிவிட்டு, பந்தலுக்கு வெளியே அழைத்துப்போய், அன்று நான் எடுத்த பூத் தூவலைப் போனில் போட்டுக் கொடுத்தேன். அக்கா இரண்டு கையாலும் போனைப் பிடித்துக்கொண்டு பார்த்தார். கோபுரத்தின் மேல் பூ கொட்டியது. கொஞ்ச நேரம் கண்ணிமைக்காமல் பார்த்தவர், சட்டென்று திரையில் ஒரு மூலையில் விரலை வைத்தார்.

“இந்த மஞ்சச் சேலைக்காரம்மா கயித்தத் தாண்டிக் காலு வெச்சிருக்குது. நாங் கவனிக்காம உட்டுட்டன்.”

போனை என்னிடம் கொடுத்துவிட்டு, நாளைக்கு அந்த மூலையில் இன்னும் இரண்டு கம்பு நட வேண்டும் என்று சொல்லிக்கொண்டே போனார்.

அதற்குப் பிறகு இரண்டு கோயிலில் பார்த்தேன். இப்போது அவர் வருவதில்லை. வடக்கே எங்கோ மலைக்கோயிலுக்கு ஆள் ஏற்றுகிற இடத்துக்கு அனுப்பிவிட்டார்கள் என்று கம்பெனிப் பையன் சொன்னான். இப்போது மண்டபங்களில் நாலடிக்கு ஒருமுறை நான் திரும்பிப் பார்த்துவிட்டுத்தான் பின்னால் நடக்கிறேன். படம் ஆடுகிறது என்று குறை சொல்கிறார்கள், ஆடட்டும்.

அக்காவைப் பக்கத்தில் நிறுத்தி எடுத்த படம் ஒன்றுகூட என்னிடம் இல்லை. அன்று எடுத்ததில் கமிட்டிக்குக் கொடுக்காமல் வைத்துக்கொண்ட துண்டு ஒன்று மட்டும் இருக்கிறது. அதில் தலைவர் முகம்தான் தெரியும். போனைப் பார்த்துச் சிரித்துக்கொண்டு வருகிறார். பிறகு தலையைத் தூக்கி, என் தோளுக்கு மேலே எதையோ பார்க்கிறார். சிரிப்பு அப்படியே நிற்கிறது. கையில் இருந்த போன் நழுவி விழுகிறது. இரண்டு கைகளும் தானாக மேலே போய்க் குவிகின்றன.